தானே தபால் எடுக்கும் கணினி



தமிழகத்தை விட்டு வெளியே வந்து வாழ்கின்ற நமக்கு, ஊரிலிருந்து வரும் கடிதத்தின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தில்லியிலும் மும்பையிலும் ஜம்ஷெட்பூரிலும் குடியேறிய முந்தைய தலைமுறையினர் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக் காத்திருந்தார்கள். இன்று அந்த மணி அநேகமாக ஓய்ந்துவிட்டது, கடிதங்கள் ஓயவில்லை. தங்கையின் திருமண அழைப்பு, பூர்வீக நிலத்தின் பத்திர நகல், தகப்பனாரின் மருத்துவ அறிக்கை, வெளிநாட்டில் இருக்கும் மகன் எழுதும் நாலு வரி, இவையெல்லாம் இப்பொழுது மின்னஞ்சலாக வருகின்றன.

ஆனால் இதில் ஒரு மாறுதலை நாம் அதிகம் கவனிப்பதில்லை. தபால்காரர் கடிதத்தை நம் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்று முதல் அது நம்முடைய உடைமை; கம்பியில் குத்தி வைத்தாலும் சரி, தகரப்பெட்டியில் பூட்டி வைத்தாலும் சரி. மின்னஞ்சலோ தபாலாபீசிலேயே தங்கிவிடுகிறது. நாம் போய் ஜன்னல் வழியாகப் படித்துவிட்டுத் திரும்புகிறோம். மறுபடி படிக்க வேண்டுமானால் மறுபடி போகிறோம். ஒரு நாள் அந்த ஜன்னல் சாத்தியிருந்தால் என்ன செய்வது என்று யோசிப்பவர் குறைவு.

எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார். தனியார் நிறுவனம் ஒன்றில் நெடுங்காலம் பணி செய்தவர். அலுவலகம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியையே குடும்பக் காரியங்களுக்கும் உபயோகித்து வந்தார். அவர் ஓய்வு பெற்ற மறுநாளே அந்த முகவரி மூடப்பட்டது. நிறுவனத்தின்மேல் குற்றம் சொல்ல இடமில்லை, முகவரி அவர்களுடையது. எனினும், காலஞ்சென்ற அவர் மனைவியார் பேறுகாலத்துக்கு மதுரை சென்றிருந்தபோது எழுதிய கடிதங்கள் முழுவதும் அதற்குள் இருந்தன. பெரியவர் மூன்று முறை விண்ணப்பம் எழுதினார். பதில் வந்தது, கடிதங்கள் வரவில்லை.

சொந்த முகவரி வைத்திருப்பவர்களும் முற்றிலும் கவலையற்று இருக்க முடியாது. இரண்டாண்டுகள் எவ்வித உபயோகமும் இல்லாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் நிறுவனம் 2023 மே மாதத்தில் அறிவித்து, அவ்வாண்டு டிசம்பர் முதல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மறைந்த பெற்றோரின் கணக்கு, மணமாகிப் போன பெண்ணின் பழைய கணக்கு என்று எத்தனை கணக்குகள் நம் வீடுகளில் திறப்பாரின்றிக் கிடக்கின்றன!

இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. வீட்டில் உள்ள கணினியே, நாம் ஏவாமல், நாம் பார்க்காமல், பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை தபாலாபீசுக்குச் சென்று புதிய கடிதங்களின் நகலை எடுத்து வந்து நம் பெட்டியில் அடுக்கி வைக்கும்படி ஏற்பாடு செய்யலாம். லினக்ஸ் என்னும் அமைப்பில் இயங்கும் கணினியில் இது செலவில்லாமல் ஆகக்கூடிய காரியம். விண்டோஸ் 10 அமைப்புக்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிவுற்றதால் பல வீடுகளில் மடிக்கணினிகள் பரண்மேல் ஏறியிருக்கும். அப்படிப்பட்ட கணினி ஒன்றில் டெபியனையோ, சென்னையில் உள்ள சி-டாக் மையம் டெபியனை அடியொற்றி உருவாக்கிய பாஸ் லினக்ஸையோ நிறுவிக்கொண்டால், இந்த ஊழியத்துக்கு அது தாராளமாகப் போதும்.

இந்த ஆசை புதிதன்று. ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸை வெளியிட்டார். சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவில் எரிக் ரேமண்ட் என்ற நிரலாளருக்கு இதே குறை ஏற்பட்டது. அவருடைய கடிதங்கள் வேறொரு கணினியில் வந்து தங்கின. ஒவ்வொரு முறையும் தொலைவிலிருந்து அதனுள் நுழைந்து, கடிதம் வந்திருக்கிறதா என்று பார்ப்பது அவருக்குச் சலிப்பூட்டியது. வீட்டுக் கணினிக்கே கடிதம் வந்து சேர வேண்டும் என்று விரும்பினார். 1996-ல் மற்றொருவர் எழுதியிருந்த சிறு நிரலைப் பொறுப்பேற்று வளர்த்து, அதற்கு ஃபெட்ச்மெயில் என்று பெயரிட்டார். அந்த அனுபவத்தை வைத்து அவர் 1997-ல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் படித்த கட்டுரை, பலர் கூடி இலவசமாக நிரல் எழுதும் முறைக்கே ஒரு சாஸ்திரம் போல் ஆகிவிட்டது. ஒரு மனிதர் தம் கடிதத்துக்காகப் பட்ட சலிப்பு எங்கே கொண்டு சேர்த்தது, பாருங்கள்.

இவ்விதம் பின்னணியில் இருந்து வேலை செய்யும் நிரலுக்கு ஆங்கிலத்தில் டீமன் என்று பெயர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இந்தச் சொல்லோடு நான் சிறிது மல்லுக்கு நின்றதுண்டு. 1960-களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணி செய்தவர்கள், இயற்பியலறிஞர் மாக்ஸ்வெல் கற்பனை செய்த, மூலக்கூறுகளைத் தரம் பிரிக்கும் குட்டி உருவத்தை நினைத்து இப்பெயரை இட்டார்களாம். நான் 'பூதம்' என்றே வைத்துக்கொள்கிறேன். நம் கிராமத்துக் கதையில் ஒரு பூதம் உண்டல்லவா? ஏவிய வேலையை நொடியில் முடித்துவிட்டு, அடுத்த வேலை கொடுக்காவிட்டால் எஜமானனையே விழுங்க வரும். கடைசியில் நாய்வாலை நிமிர்த்தச் சொல்லித் தப்பித்தான் அவன். கணினியின் பூதம் அவ்வளவு பொல்லாதது அன்று. வேலையில்லாத பொழுது உறங்கும். ஆனால் அதற்கும் ஒரு குணக்கேடு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏற்பாட்டுக்கு வருவோம். தபாலாபீசின் ஸ்தானத்தில் இருப்பது சர்வர். அதோடு பேசக் கணினிக்கு இரண்டு பாஷைகள் உண்டு. ஒன்று பாப், மற்றொன்று ஐமாப். பாப் பழைய வழக்கம். வந்த கடிதங்களை வரிசையாகக் கொடுத்துவிட்டு விடைபெறும். ஐமாப் முறையில் சர்வரில் உள்ள பெட்டிகள், எது படித்தது எது படிக்காதது என்ற விவரங்கள் எல்லாம் தெரியவரும். கைப்பேசி, அலுவலகக் கணினி, வீட்டுக் கணினி எனப் பல இடங்களிலிருந்து ஒரே கணக்கைப் பார்ப்பவர்களுக்கு ஐமாப்தான் உகந்தது.

இங்கே முதல் எச்சரிக்கை. ஃபெட்ச்மெயில், நாம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், கடிதத்தை எடுத்து வந்தபின் சர்வரில் உள்ள மூலத்தை நீக்கிவிடும். அது தோன்றிய காலத்தில் அதுவே நியாயம். சர்வரில் இடம் குறைவு. இன்று அவ்வாறு நீக்கினால், கைப்பேசியில் கடிதத்தைத் தேடும் இல்லத்தரசி திகைத்துப்போவார். 'கீப்', அதாவது 'வைத்திரு' என்ற ஒரு சொல்லை அமைப்புக் கோப்பில் சேர்த்தாலன்றி மூலம் தங்காது. மேலும் ஃபெட்ச்மெயில் தானே கடிதத்தை அடுக்கி வைப்பதில்லை. கணினிக்குள் இருக்கும் வேறொரு தபால் நிரலிடம் ஒப்படைக்கும். அந்த நிரலையும் நாம் அமைக்க வேண்டும். சர்வர் நடத்துபவர்களுக்கு இது சௌகரியம். குடும்பஸ்தர்களுக்கு வீண் சிரமம் என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே நம் காரியத்துக்கு எம்பி-சிங்க் என்ற நிரலைச் சிபாரிசு செய்கிறேன். டெபியனில் 'ஐசிங்க்' என்ற பெயரில் நிறுவ வேண்டும். இயக்கும்பொழுது எம்பி-சிங்க் என்று அழைக்க வேண்டும். இந்த இரட்டைப் பெயரால் குழம்பியவர்கள் உண்டு. இதற்கு ஒரே ஓர் அமைப்புக் கோப்பு போதும். அதில் நான்கு பத்திகள் இருக்கும். முதற்பத்தியில் சர்வரின் விலாசம், நம் பெயர், கடவுச்சொல் கிடைக்கும் இடம். இரண்டாவதில் தொலைவில் உள்ள களஞ்சியம் இது என்ற அறிவிப்பு. மூன்றாவதில் அருகில், அதாவது நம் கணினியில், கடிதங்களை வைக்கும் இடம். நான்காவது பத்தி இவ்விரண்டையும் இணைக்கும் வாய்க்கால். எந்தப் பெட்டிகளை எடுப்பது, தண்ணீர் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதை அங்கே எழுதுகிறோம்.

திசையைப் பற்றி ஒரு வார்த்தை. சொல்லாமல் விட்டால் இந்த நிரல் இருபுறமும் ஒத்திசைக்க முற்படும். இங்கே ஏற்படும் மாறுதல் அங்கேயும், அங்கே ஏற்படுவது இங்கேயும் செல்லும். நமக்கு வேண்டியது பெட்டகம். ஆதலால் 'புல்', 'நியூ' என்ற இரு சொற்களை எழுதி, புதியனவற்றை இழுத்து வருவது மட்டுமே உன் வேலை என்று நிறுத்திவிட வேண்டும். பிறகு எவரோ கைப்பேசியில் தவறுதலாக ஒரு கடிதத்தை அழித்தாலும், வீட்டுப் பெட்டகத்தில் உள்ள நகலுக்கு ஊறு நேராது. இந்த இரு சொற்களே இந்த ஏற்பாட்டின் உயிர்நிலை.

ஜிமெயில் உபயோகிப்போர் மற்றொன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே 'பெட்டி' என்று தோன்றுவன உண்மையில் ஒட்டப்பட்ட சீட்டுகள். ஒரே கடிதத்துக்கு மூன்று சீட்டுகள் ஒட்டியிருந்தால் அது மூன்று பெட்டிகளில் தோன்றும். மூன்று நகலாக இறங்கும். 'ஆல் மெயில்' என்ற ஒரே பெட்டியை எடுத்தால் போதும். நாம் அனுப்பியவையும் அதிலேயே வந்துவிடும். குப்பைக் கடிதங்கள் அதில் சேருவதில்லை.

கணினியில் கடிதங்கள் மெயில்டிர் என்ற முறையில் அடுக்கப்படும். 1990-களில் டேனியல் பெர்ன்ஸ்டைன் வகுத்த இந்த முறையில், ஒவ்வொரு கடிதமும் ஒரு தனிக் கோப்பு. ஒரு கோப்புறைக்குள் மூன்று உள்ளறைகள்: வந்துகொண்டிருப்பவை, புதியவை, பார்த்தவை. கடிதம் முழுவதும் எழுதி முடிந்த பின்னரே முதலறையிலிருந்து அடுத்த அறைக்குப் பெயரும். நடுவில் மின்சாரம் போனால்கூட அரைகுறைக் கடிதம் புதியவற்றோடு கலவாது. மின்வெட்டை அறிந்த நமக்கு இதன் அருமை விளங்கும். எல்லாக் கடிதங்களையும் ஒரே நீளக் கோப்பாகத் தைத்து வைத்த பழைய முறையில், ஒரு தையல் அறுந்தால் கட்டு முழுவதும் அவிழும் அபாயம் இருந்தது.

அடுத்தது சாவி. இதுதான் யோசிக்க வேண்டிய இடம். பூதம் நள்ளிரவில் தபாலாபீசுக்குப் போகிறது, எஜமானர் உறங்குகிறார். சாவியை யார் கொடுப்பது? கடவுச்சொல்லை அமைப்புக் கோப்பிலேயே எழுதி வைப்பது, சாவியை வாசற்படி மிதியடிக்கு அடியில் வைப்பதற்கு ஒப்பாகும். அதைப் பூட்டிய சாவிக்கொத்தில் வைத்தாலோ, நாம் உள்நுழைந்து அந்தக் கொத்தைத் திறக்கும் வரையில் பூதம் வாசலில் நிற்கும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. கூகுள் நிறுவனம் 2022 மே மாதத்துக்குப் பின், தனிநபர் கணக்கின் சாதாரணக் கடவுச்சொல்லை வெளி நிரல்கள் உபயோகிப்பதை நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக, இரட்டைச் சரிபார்ப்பை இயக்கியவர்களுக்கு, ஒவ்வொரு நிரலுக்கும் தனியாக 16 எழுத்துள்ள கடவுச்சொல்லை வழங்குகிறது. கணினி களவு போனால் அந்த ஒரு சொல்லை மட்டும் ரத்து செய்யலாம். கணக்கின் மூலச்சாவி நம்மிடமே இருக்கும். இந்தத் தனிச்சொல்லை ஒரு கோப்பில் எழுதி, சொந்தக்காரரைத் தவிர எவரும் படிக்கவோ எழுதவோ இயலாதபடி 600 என்ற அனுமதி எண் இட்டு, கணினியின் வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்துவிடுவது வீட்டுக்குப் போதுமான காவல் என்று கருதுகிறேன். சர்வரோடு பேசும் வழியும் மறைவாக இருக்க வேண்டும். 993 என்ற வாயில் எண் அதற்கானது. மறைவில்லாத 143-ஆம் வாயிலில் பேசினால், நம் கடிதமும் கடவுச்சொல்லும் கார்டில் எழுதிய செய்தி போல வழியிலுள்ளோர் படிக்கக்கூடியவை ஆகும்.

ஈண்டு ஓர் உத்தியோகஸ்தன் என்ற முறையிலும் ஒன்று சொல்ல வேண்டும். அலுவலகக் கடிதங்களை இவ்விதம் வீட்டுக்கு இழுத்து வருவது முறையன்று. அரசு ஊழியருக்கு மட்டுமல்ல, எந்த நிறுவனத்தின் ஊழியருக்கும் இது பொருந்தும். மேலே சொன்ன பெரியவருக்கும் சரியான பரிகாரம் இதுவாக இருந்திருக்காது. தொடக்கத்திலேயே குடும்பத்துக்கென்று தனி முகவரி வைத்திருக்க வேண்டியதே.

இனி, நேரம் குறிப்பது. நிரலைக் கையால் ஒரு முறை இயக்கிப் பாருங்கள். பல ஆண்டுக் கடிதங்கள் இருந்தால் முதல் முறை ஓர் இரவு முழுவதும்கூட ஆகலாம். அது நல்லபடியாக முடிந்த பிறகே மணிக்கூண்டில் கட்ட வேண்டும். யூனிக்ஸ் அமைப்பில் 1970-களிலிருந்தே கிரான் என்ற காலக்காவலன் உண்டு. காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். அதற்கு ஒரே வரி எழுதினால் போதும். இக்காலத்து லினக்ஸில் சிஸ்டம்-டி என்ற மேலாளர் இருக்கிறார். அவருக்கு இரண்டு சிறு கோப்புகள் வேண்டும். ஒன்று 'என்ன செய்வது' என்று சொல்வது, மற்றொன்று 'எப்பொழுது செய்வது' என்று சொல்வது. கணினி விழித்த இரண்டு நிமிஷத்தில் முதல் தடவை, பின்னர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை என்று எழுதலாம். ஒரு தடவை போன பூதம் திரும்புவதற்குள் இன்னொன்றை அனுப்பாத விவேகம் இந்த மேலாளருக்கு உண்டு. கிரானுக்கு அது கிடையாது. இணைப்பு மந்தமாக இருக்கும் ஊர்களில் இது பெரிய வித்தியாசம். நாம் கணினியிலிருந்து வெளியேறியதும் நம்முடைய பூதங்களை எல்லாம் மேலாளர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். 'லிங்கர்', அதாவது 'தங்கியிரு' என்ற அனுமதியை நம் பெயருக்கு ஒரு முறை கொடுத்துவிட்டால், நாம் வெளியேறிய பிறகும் வேலை நடக்கும்.

பத்து நிமிஷத்துக்கும் குறைவாக வைக்கத் தேவையில்லை. கணினி சில நாள் அணைந்திருந்தாலும் நஷ்டம் இல்லை. தவறவிட்ட ரெயில் போலன்று இது. அடுத்த தடவை போகும்பொழுது தேங்கியிருப்பவை எல்லாம் சேர்ந்து வரும்.

பூதத்துக்கு ஒரு குணக்கேடு உண்டு என்றேனே, அது இதுதான்: அது முணுமுணுப்பதில்லை. பின்னணியில் நடப்பது நம் கண்ணில் படாது, நின்றுபோனாலும் படாது. முன்பு சொன்ன பெரியவருக்கு அவர் பேரன் புதிய முகவரியில் இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தான். சில மாதம் நன்றாக நடந்தது. பிறகு அவர் கைப்பேசியில் ஏதோ எச்சரிக்கையைக் கண்டு கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினார். மாற்றினால் தனிச்சொற்கள் யாவும் ரத்தாகும் என்பது கூகுளின் விதி. பூதம் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை வாசலுக்குப் போய், விரட்டப்பட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. நான்கு மாதம் எவருக்கும் தெரியாது. இம்முறை மூலங்கள் சர்வரில் இருந்தமையால் பாதகம் இல்லை. புதிய சொல்லைக் கொடுத்ததும் எல்லாம் வந்து சேர்ந்தன. சர்வரில் நீக்கிவிடும் பழக்கமோ, மூடப்படும் கணக்கோ இருந்திருந்தால் அந்த நான்கு மாதம் போனதுதான்.

எனவே, ஏற்பாடு செய்யும்பொழுதே கூவுவதற்கும் வழி செய்துவிடுங்கள். வேலை தவறினால் வேறொரு சிறு நிரலை எழுப்பு என்று சிஸ்டம்-டி கோப்பில் ஒரு வரி சேர்க்கலாம். அந்த நிரல் திரையில் ஓர் அறிவிப்பைக் காட்டட்டும். அதுவும் கடினமாகத் தோன்றினால், வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை காப்பிக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்களேன், பெட்டகத்தில் உள்ள ஆகப் புதிய கடிதத்தின் தேதியைப் பாருங்கள். அது பழையதாக இருந்தால் மேலாளரின் குறிப்பேட்டைத் திறந்து காரணத்தைப் படிக்கலாம். பெரும்பாலும் சாவித் தகராறு, இல்லையேல் வட்டில் இடமின்மை.

இவ்வாறு சேர்ந்த கடிதங்களில் தேடுவது எப்படி என்று கேட்பீர்கள். தமிழில் எழுதிய மின்னஞ்சல் வழியில் சிதையாமலிருக்க வேறு குறிகளாக மாற்றப்பட்டே பயணம் செய்கிறது. கோப்பிலும் அப்படியே கிடக்கும். 'மதுரை' என்று நேராகத் தேடினால் அகப்படாது. நாட்மச், மியூ போன்ற நிரல்கள் அக்குறிகளைப் பிரித்துப் படித்து அட்டவணை தயாரித்து வைத்துக்கொள்வதால், தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் கடிதத்தை எடுத்துக் கொடுக்கின்றன. அட்டவணையைப் புதுப்பிக்கும் வேலையையும் தபால் எடுத்து முடிந்ததும் செய்யும்படி பூதத்திடமே ஒப்படைக்கலாம்.

1990-களின் பிற்பகுதியிலும் 2000-ஐ ஒட்டியும் எழுதப்பட்ட தமிழ்க் கடிதங்கள் யாரிடமேனும் இருந்தால் அவை யூனிகோடில் இரா. திஸ்கி, டாப் முதலிய குறிமுறைகளில் இருக்கும். இன்றைய திரையில் லத்தீன் எழுத்துகளின் கிறுக்கலாகத் தோன்றும். பழுதாகிவிட்டன என்று அவற்றை அழித்துவிட வேண்டாம். லினக்ஸோடு கூடவே வரும் ஐகான்வ் என்ற கருவிக்குத் திஸ்கி தெரியும். கடிதத்தின் உடலை ஒரு கோப்பில் தனியே எடுத்துக் கொடுத்தால் யூனிகோடாக மாற்றித் தரும். டாப் முறையில் எழுதியவற்றுக்குத் தனி மாற்றிகள் வேண்டும். மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, மாற்றியதை அதன் பக்கத்தில் வேறு பெயரில் வையுங்கள்.